கேம் இசைக்கு டெமோ தயாரிப்பது எப்படி: ஜப்பானிய வழி, மேற்கத்திய வழி இரண்டுக்கும் ஒரு வழிகாட்டி

வீடியோ கேமுக்கு இசையமைக்க ஆசைப்பட்டுக் கீபோர்டின் முன் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு மெட்டுப் போடத் தெரியும், கணினியில் பதிவு செய்யவும் தெரியும். ஆனால் கேம் குழுக்களுக்கு எதை அனுப்புவது, எவ்வளவு கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்பது தெரியாது. இதே இடத்தில் நானும் நெடுநாள் திண்டாடினேன். இணையப் பாடங்களில் ஒருவர் "மெலடிதான் எல்லாம்" என்பார். அடுத்தவர் "மெலடியை முடிந்தவரை ஒளித்து வையுங்கள்" என்பார். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். முன்னவர் ஜப்பானிய மரபிலிருந்து பேசுகிறார், பின்னவர் மேற்கத்திய மரபிலிருந்து. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு நிறைய வேலை மிச்சமாகியிருக்கும்.

ஜப்பானிய வழியில் உங்களிடம் எதிர்பார்ப்பது, நூறு முறை சுழன்றாலும் அலுக்காத ஒரு முழுப் பாட்டு. மேற்கத்திய வழியில் எதிர்பார்ப்பது, விளையாடுபவர் செய்வதற்கேற்பக் கூடிக் குறைந்து மாறும் இசைப்பகுதிகள். மென்பொருள், கோப்பு, கூலி, நாள்கணக்கு, ஒப்பந்தம் என எல்லாமே இந்த இடத்தில்தான் பிரிகின்றன. அதனால் எதை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1. முதல் வாரம்: கேமுக்குள் வைத்துக் கேளுங்கள்

யூடியூபில் இருக்கும் ஆல்பத்தைக் கேட்டு ஒப்பிடாதீர்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் முதல் பொறி இதுதான். ஆல்பத்தில் எல்லா இசையும் தொடக்கமும் முடிவும் உள்ள பாட்டாக வெட்டப்பட்டிருக்கும். இசை எப்போது மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பது விளையாடும்போதுதான் தெரியும். கேம் வாங்கப் பணம் இல்லையென்றால், பேச்சில்லாமல் முழு ஆட்டத்தையும் பதிவு செய்த 'லாங்ப்ளே' வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை போதும்.

ஜப்பானியப் பக்கம் ஃபைனல் ஃபேன்டஸி 6 (1994) நல்ல தொடக்கம். இசை நொபுவோ உயெமட்சு. பாத்திரங்களுக்குத் தனித்தனி மெட்டு இருக்கும். ஊருக்குள் நுழைந்து சும்மா நில்லுங்கள். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஊரைவிட்டு வெளியே போய்ச் சண்டை வந்ததும் பயண இசை அறுந்துபோய், சண்டை இசை முதல் சுரத்திலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். அந்த வெட்டை யாரும் மறைக்க முயலவில்லை. சண்டை தொடங்கிவிட்டது என்று அந்த வெட்டே சொல்லிவிடுகிறது.

மேற்கத்தியப் பக்கம் மங்கி ஐலேண்ட் 2 (1991). லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற முறை இதில்தான் முதலில் வந்தது. உட்டிக் என்ற ஊரில் ஒவ்வொரு கட்டடமாக நுழைந்து வெளியே வாருங்கள். ஊரின் இசை அறுபடாமல், உள்ளே இருப்பவருக்கு ஏற்ற வாத்தியத்துக்கும் மெட்டுக்கும் வழுக்கிச் சென்று, வெளியே வந்ததும் பழையபடி திரும்பும். அடுத்து ரெட் டெட் ரிடெம்ப்ஷன் (2010). பில் எல்ம், உட்டி ஜாக்சன் இருவரும் இசைப்பகுதிகளை ஏ மைனர் சுருதியிலும் நிமிடத்துக்கு 130 அடி வேகத்திலும் பதிவு செய்தார்கள். அதனால்தான் குதிரையில் ஏறும்போதும் துப்பாக்கியை எடுக்கும்போதும் ஒன்றன்மேல் ஒன்றாக எதையும் சேர்க்க முடிந்தது.

கேட்கும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இசை திரும்பத் தொடங்கும் நேரம், இசையை மாற்றிய நிகழ்வு, ஒரு மணி நேரம் கழித்து உங்களால் முணுமுணுக்க முடிகிறதா என்பது. இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். டெமோ செய்யும்போது இதுதான் உங்கள் அளவுகோல்.

2. நாட்டின் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்

இரண்டாவது பொறி, 'ஜப்பானிய இசை' என்றதும் கோட்டோ, ஷாகுஹாச்சி போன்ற மரபு வாத்தியங்கள், ஐந்து சுர வரிசை என்று போய்விடுவது. அந்த டெமோவைக் கேட்கும் ஜப்பானியக் குழுவுக்கு அது சுற்றுலா விளம்பரமாகத்தான் கேட்கும். ஜப்பானிய கேம் இசையின் உடம்பில் ஓடுவது பெரும்பாலும் ஜாஸ் ஃப்யூஷன், ப்ரோக்ரஸிவ் ராக், சினிமா ஆர்கெஸ்ட்ரா ஆகியவைதான். கசியோபியா, டி-ஸ்கொயர் ஆகிய குழுக்களைக் கேட்டுவிட்டு 1990களின் கார்ப்பந்தய கேம்களைக் கேளுங்கள், உறவு புரியும். அதேபோல மேற்கத்தியம் என்றால் பெரிய முரசும் பித்தளை வாத்தியமும் என்று நினைப்பதும் தவறு.

மெலடி அங்கே ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதற்குக் காரணம் வன்பொருளில் இருக்கிறது. 1983இல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியில் மொத்தம் 5 ஒலித்தடங்கள்தான்: 2 பல்ஸ் அலை, 1 முக்கோண அலை, 1 இரைச்சல், 1 பதிவு செய்த மாதிரி ஒலி. குதிக்கும் சத்தம், சுடும் சத்தம் வரும்போது அவையும் இதே தடங்களைத்தான் பிடுங்கிக்கொள்ளும். பாதி வாத்தியம் காணாமல் போனாலும் அடையாளம் தெரிகிற மெட்டு இருந்தால்தான் இசை பிழைக்கும். ஆனால் 3 குரல்கள் மட்டுமே கொண்ட கமோடோர் 64 என்ற வீட்டுக் கணினியில் ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே போன்ற பிரிட்டிஷ்காரர்களும் மெலடி நிறைந்த நீண்ட பாட்டுகளைப் போட்டிருக்கிறார்கள். ஆக 'மேற்கு' என்பதும் ஒரே பொருள் அல்ல.

கலப்புகளையும் கேளுங்கள். நியர்: ஆட்டோமாட்டா (2017) ஜப்பானிய கேம். கெய்ச்சி ஒகாபே குழுவின் மெட்டுகள் முணுமுணுக்க வைப்பவை, ஆனால் ஒரே பாட்டு அமைதி, நடுத்தரம், உக்கிரம் எனப் பல நிலைகளில், பாடும் குரலோடும் குரல் இல்லாமலும் மாறி மாறி ஒலிக்கும். ஹேக்கிங் காட்சிகளில் அதே பாட்டு பழைய 8-பிட் ஒலிக்கு மாறும். செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட் (2017) பெரும்பகுதி அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் பியானோதான். மறுபக்கம் அமெரிக்கரான டோபி ஃபாக்ஸின் அண்டர்டேல் (2015) முழுக்க முழுக்க ஜப்பானிய வழியில் மெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பின்னியது. எனவே மின்னஞ்சல் அனுப்பும் முன் அந்தக் குழுவின் முந்தைய கேமை விளையாடிப் பாருங்கள். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்களுடைய இசை எப்படி நடந்துகொள்கிறது என்பதே உங்களுக்குத் தேவை.

3. கருவிகளும் செலவும்

பணத்தை அவசரப்பட்டு விடாதீர்கள். இப்போதைக்கு இவை போதும்.

இசைப்பதிவு மென்பொருள்: ரீப்பர். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். நம் பணத்தில் 5,000 ரூபாய்க்குச் சற்று மேல். வேறு மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும்.

பழைய கேம் கருவிகளின் சிப் ஒலிக்கு: ஃபாமிஸ்டூடியோ, ஃபர்னஸ். இரண்டும் இலவசம்.

ஆர்கெஸ்ட்ரா ஒலிக்கு: ஸ்பிட்ஃபையரின் லேப்ஸ் தொகுப்புகளில் இலவசமானவை. விலையுயர்ந்த ஒலித்தொகுப்பை முதல் சம்பளம் வரும்வரை தொடாதீர்கள்.

இசையை கேமோடு இணைக்க: எஃப்மாட், வ்வைஸ். எஃப்மாட் ஆஸ்திரேலியாவில் உருவானது, வ்வைஸ் கனடாவின் ஆடியோகைனெடிக் நிறுவனத்தினுடையது. கற்றுக்கொள்ள இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டாம். வருமானமும் பட்ஜெட்டும் குறைவாக உள்ள சிறு குழுக்களுக்கு இலவச உரிமமும் உண்டு. அந்த வரம்பு மாறும் என்பதால் குழுவே தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும். ஜப்பானில் இதே வேலைக்கு சிஆர்ஐ நிறுவனத்தின் ஏடிஎக்ஸ் பரவலாகப் புழங்குகிறது. எஃப்மாடில் கை பழகினால் அதைப் பிடித்துக்கொள்வது கடினமில்லை.

செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நல்ல ஹெட்ஃபோனுக்குச் செலவழியுங்கள்.

4. ஜப்பானிய வழி டெமோ: மூன்று லூப், ஒரு ஜிங்கிள்

ஊர், பயணம், சண்டை ஆகிய மூன்றுக்கும் தலா ஒரு லூப், அதாவது முடிவில்லாமல் சுழலும் பாட்டு. 60 முதல் 90 விநாடி. கூடவே 'நிலை உயர்ந்தது' போன்ற தருணத்துக்கு ஒரே முறை ஒலிக்கும் 4 விநாடி குட்டி இசை, அதாவது ஜிங்கிள், ஒன்று. இந்த நான்கும் சேர்ந்தால் உங்கள் கைவரிசை தெரிந்துவிடும்.

முதலில் மெட்டை ஃபாமிஸ்டூடியோவில் போடுங்கள். ஒரு பல்ஸ் தடத்தில் மெட்டு, அடுத்ததில் துணைக் குரல், முக்கோண அலையில் பேஸ், இரைச்சலில் தாளம். முக்கோண அலையின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. எனவே பேஸ் வரியைச் சுரங்களாலேயே அசைக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டிலும் மெட்டு நின்றால்தான் அதை ஆர்கெஸ்ட்ராவுக்கோ ராக் குழுவுக்கோ எடுத்துப் போங்கள். நிற்காத மெட்டை எத்தனை வயலின் சேர்த்தாலும் தூக்கி நிறுத்த முடியாது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசைகளில் இரண்டை விரல்களுக்குப் பழக்குங்கள். ஒன்று, ஜப்பானில் 'ஓதோ ஷின்கோ' என்று அழைக்கப்படுவது: சி மேஜரில் எஃப், ஜி, இ மைனர், ஏ மைனர். ஏழாம் சுரங்களைச் சேர்த்தால் அந்த ஏக்கம் கலந்த நிறம் உடனே வரும். இன்னொன்று ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், சி என்று ஏறி முடிவது. சூப்பர் மாரியோவில் கட்டம் முடிந்ததும் வருவதும், ஃபைனல் ஃபேன்டஸியின் வெற்றி முழக்கமும் இந்த ஏற்றத்தில்தான் நிற்கின்றன. அதற்காக இவற்றை எல்லாப் பாட்டிலும் திணிக்க வேண்டாம். ஜிங்கிளுக்கு இரண்டாவதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

இனி லூப். பெரும்பாலான டெமோக்கள் இங்கேதான் கவிழ்கின்றன.

சண்டை இசைக்கு ஓர் அறிமுகம் வையுங்கள். அது ஒரு முறைதான் ஒலிக்கும், லூப் அதற்குப் பின்னால் இருந்து சுழலும். லூப்பின் கடைசி கார்டு, முதல் கார்டை நோக்கித் தள்ளுவதாக இருக்க வேண்டும். முடிந்துவிட்டது போன்ற உணர்வு எங்கும் வரக்கூடாது.

எதிரொலியின் வால் வெட்டுப்படாமல் இருக்க, பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்துப் பதிவு செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதன் தொடக்கத்தில் இயல்பாக வந்து விழுந்திருக்கும்.

எம்பி3 வேண்டவே வேண்டாம். அந்த வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும். லூப் திரும்பும்போது ஒரு விக்கல் கேட்கும். டபிள்யூஏவி அல்லது ஓஜிஜி கொடுங்கள்.

ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் தயாரிப்பு மென்பொருளில் கேம் செய்யும் சிறு குழுக்கள் நிறைய உண்டு. அதன் அண்மைப் பதிப்புகள் ஓஜிஜி கோப்புக்குள் இருக்கும் 'லூப்ஸ்டார்ட்', 'லூப்லெங்த்' என்ற இரண்டு குறிப்புகளைப் படித்து, அறிமுகத்தை விட்டுவிட்டு லூப்பை மட்டும் சுழற்றும். ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். மதிப்பை விநாடியில் எழுதாமல் ஒலி மாதிரி எண்ணிக்கையில் எழுத வேண்டும். உதாரணமாக 120 வேகத்தில் 4 பார் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) அறிமுகம் என்றால் 8 விநாடி. விநாடிக்கு 44,100 மாதிரி என்ற விகிதத்தில் அது 3,52,800. லூப் 32 பார் என்றால் 64 விநாடி, 28,22,400. அதே பாட்டை 48,000 விகிதத்தில் பதிவு செய்தால் முதல் எண் 3,84,000 ஆகிவிடும். விகிதத்தை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால் லூப் தப்பான இடத்தில் குதிக்கும். அனுப்பும் முன் அந்த மென்பொருளிலேயே போட்டு, தொடர்ந்து 10 நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள்.

நேரம்: புதியவருக்கு ஒரு லூப்புக்கு மூன்று முதல் ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டுக்கே பாதி போகும். போகட்டும்.

5. மேற்கத்திய வழி டெமோ: ஒரே காட்சி, நான்கு லேயர்

இங்கே நிறைய பாட்டு வேண்டாம். ஒரே காட்சியை எடுங்கள்: காட்டில் நடப்பது, ஆபத்தை உணர்வது, சண்டை, தப்பிப்பது. அதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய நான்கு இசைத்தடங்கள், அதாவது நான்கு லேயர்: சூழல், தாளம், அச்சுறுத்தல், மெட்டு. நான்கும் ஒரே வேகம், ஒரே சுருதி, ஒரே எண்ணிக்கை பார். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் செய்ததைச் சிறிய அளவில் செய்கிறீர்கள்.

எஃப்மாடில் 'ஆபத்து' என்ற பெயரில் 0 முதல் 100 வரை ஓர் அளவுருவை, அதாவது ஆட்டத்துக்கேற்ப மாறும் ஓர் எண்ணை, உருவாக்குங்கள். 30ஐத் தாண்டினால் தாளம் நுழையட்டும், 60ஐத் தாண்டினால் அச்சுறுத்தல், 85இல் மெட்டு. எண்கள் உங்கள் விருப்பம். ஆனால் ஏறும்போது ஒரு வரம்பும் இறங்கும்போது சற்றுக் குறைந்த வரம்பும் வையுங்கள். இல்லையென்றால் மதிப்பு 60ஐச் சுற்றித் தள்ளாடும்போது லேயர் வந்து வந்து போகும்.

சண்டைக்கு வேறு இசைப்பகுதிக்கே தாவ வேண்டுமென்றால், தாவும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். 130 வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு பார் 1.85 விநாடி. அடுத்த பார் வரை காத்திருப்பது யாருக்கும் உறுத்தாது. 8 பார் கொண்ட வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தால் ஏறக்குறைய 14.8 விநாடி வரை ஆகலாம். அதற்குள் சண்டையே முடிந்திருக்கும். அந்த இடைவெளியை மறைக்க ஒரு ஸ்டிங்கரை, அதாவது ஒரு குட்டி இசைத்தெறிப்பை, உடனே ஒலிக்க விடுங்கள்.

லேயர்களை ஏற்றுமதி செய்யும்போது முதன்மைத் தடத்தில் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் லிமிட்டரையும் கம்ப்ரஸரையும் அணைத்துவிடுங்கள். அவை முழு இசைக்கு ஒருமாதிரியும் தனி லேயருக்கு வேறுமாதிரியும் வேலை செய்யும். கேமுக்குள் லேயர்களைக் கூட்டும்போது நீங்கள் கேட்ட கலவை வராது. அப்புறம், நான்கு லேயருக்கு 15 சேர்க்கைகள் உண்டு. பதினைந்தையும் கேளுங்கள். தாளமும் மெட்டும் மட்டும் ஒலிக்கும் நிலை அபத்தமாக இருந்தால் அந்த நிலை வரவே வராதபடி அளவுருவை அமைக்க வேண்டும்.

இந்த டெமோவை ஒலிக்கோப்பாக அனுப்பிப் பயனில்லை. அளவுருவை நீங்கள் நகர்த்துவதும் இசை மாறுவதும் தெரியும்படி 2 நிமிடத் திரைப்பதிவு செய்யுங்கள். ஒலியை உச்சிவரை ஏற்றாதீர்கள். வீட்டில் விளையாடும் கன்சோல்களுக்கு சோனியின் பரிந்துரை, முழு கேமின் சராசரி ஒலி −24 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவில் இருக்கட்டும் என்பது. அதற்குள் பேச்சும் வெடியும் காலடியும் இடம்பிடிக்க வேண்டும்.

நேரம்: இசைக்கு ஒரு வாரம், எஃப்மாட் கற்று இணைக்க இன்னொரு வாரம். இரண்டாவது வாரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நீங்கள் வையுங்கள்.

6. ஒரு கேம் ஜாமில் சேருங்கள்

டெமோ மட்டும் போதாது, வெளியான கேம் ஒன்றில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி கேம் ஜாம், அதாவது குறுகிய நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வு. லூடம் டேரில் குழுவாகச் சேரும் ஜாம் பிரிவு 72 மணி நேரம். குளோபல் கேம் ஜாம் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். செலவு இல்லை. 'இசையமைப்பாளர், குழு தேடுகிறேன்' என்று இரண்டு டெமோக்களின் இணைப்போடு முன்கூட்டியே எழுதுங்கள். முதல் நாளே அறிமுகத் திரை, ஆட்டம், தோல்வி என்று மூன்றே இசைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டால் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

7. கூலியும் நாளும்

இங்கேயும் வழிகள் பிரிகின்றன. ஜப்பானியக் குழுக்கள் வழக்கமாகப் பாட்டுக்கு இவ்வளவு என்று பேசும். மேற்கத்தியக் குழுக்கள் முடிந்த இசையின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசும். நிமிடக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: 1 நிமிடத்தில் 4 லேயர் செய்தால் அது 1 நிமிடமா, 4 நிமிடமா? முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லேயருக்குத் தனி விலை சொல்வதே நல்லது. எஃப்மாடில் இணைத்துத் தருவதும் தனி வேலை, அதற்கும் தனி விலை.

உங்கள் விலையை நாளிலிருந்து கட்டுங்கள். உதாரணத்துக்கு உங்கள் ஒரு நாள் 2,500 ரூபாய், லூப்புக்கு 4 நாள், திருத்தத்துக்கு 1 நாள் என்றால் ஒரு பாட்டு 12,500 ரூபாய். இதற்குக் கீழே இறங்குவதானால் நாளைக் குறையுங்கள், அதாவது வேலையைக் குறையுங்கள்.

ஜப்பானியர்கள் திருத்தத்தை 'ரீடேக்' என்பார்கள். இரண்டு ரீடேக் வரை விலையில் அடக்கம், அதற்கு மேல் தனி என்று எழுதுங்கள். நான் வேலை செய்த ஒரு குழு, எண்ணிக்கை பேசியிருந்தும், ஒவ்வொரு ரீடேக்கையும் 'சின்ன மாற்றம்' என்று பெயர் சூட்டி வாங்கிக்கொண்டே போனது. எனவே ரீடேக் என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள்: ஒலியளவு, நீளம் மாற்றுவது சிறு திருத்தம், மெட்டையோ கார்டையோ மாற்றுவது ரீடேக்.

8. ஒப்பந்தம்: பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம்

வேலை தொடங்கும் முன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: இசைப்பட்டியல், ஒப்பந்தம், கட்டண அட்டவணை. இசைப்பட்டியலில் ஒவ்வொரு இசைக்கும் கோப்புப் பெயர், நீளம், லூப் உண்டா இல்லையா, லேயர் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள். குழு தரவில்லையென்றால் நீங்களே எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

ஜப்பானிய ஒப்பந்தத்தில் பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கும் வரியில் 'பிரிவு 27, 28 உட்பட' என்று இருக்கும். அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தழுவும் உரிமையும் தழுவலின் மீதான உரிமையும் அப்படிப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான் கைமாறியதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த வரி இருந்தால், உங்கள் மெட்டை வேறொருவர் மாற்றி அடுத்த பாகத்தில் பயன்படுத்தலாம் என்று பொருள். அதற்கேற்ற விலை கேளுங்கள். கூடவே 'ஆசிரியரின் தார்மீக உரிமைகளைப் பயன்படுத்த மாட்டேன்' என்றும் ஒரு வரி வரும். அந்த உரிமைகளைக் கைமாற்ற அங்கே சட்டம் இடம் கொடுக்காததால் இப்படி எழுதுகிறார்கள். அது வழக்கமான வரிதான், பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் பெயர் போடும் உரிமையும் அதில்தான் இருக்கிறது. எனவே கேமின் பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் இன்ன எழுத்துக்கூட்டலில் வரும் என்று தனி வரி சேர்க்கச் சொல்லுங்கள். 1980களில் ஜப்பானிய நிறுவனங்களில் பலர் புனைபெயரில் மறைந்தே வேலை செய்தார்கள். அவர்களில் சிலருடைய இசையை இன்றும் யாருடையது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க ஒப்பந்தத்தில், கூலிக்குச் செய்த படைப்பு என்ற வகை வரும். படைத்த கணத்திலிருந்தே அது அவர்களுடையது என்று பொருள். சிறு குழுக்களிடம் இதற்குப் பதிலாக, உரிமை உங்களிடமே இருக்க அவர்களுக்குப் பயன்படுத்த உரிமம் தருவதாகப் பேசிப் பாருங்கள். குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதானால் ஆல்பம் விற்கும் உரிமையையாவது வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நீங்களே விற்கலாம், டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். ஜப்பானில் கேம் இசை ஆல்பங்களுக்கு 1984 முதலே சந்தை இருப்பதால் அந்த உரிமையை அவர்கள் எளிதில் விட மாட்டார்கள்.

உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தை இந்தியச் சட்டப்படி எழுதுவதானால் இன்னொன்றைப் பாருங்கள். காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகம் முழுக்க விற்கும் கேமுக்கு இது இரு தரப்புக்கும் தலைவலி.

நீங்கள் ஏதாவது உரிமைச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்பார்கள். இந்தியாவில் ஐபிஆர்எஸ், ஜப்பானில் ஜாஸ்ராக். உண்மையைச் சொல்லுங்கள். சங்கத்திடம் உரிமையை ஒப்படைத்துவிட்ட பாட்டை கேமில் பயன்படுத்தினால் குழுவே சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை வரலாம். கையெழுத்துக்குப் பின் அது தெரியவந்தால் பெரிய சிக்கல். ஒப்பந்தம் இரு மொழியில் இருந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரியையும் தேடுங்கள்.

9. பணம் வந்து சேர

ஜப்பானில் பொதுவான வழக்கம், மாதக் கடைசியில் கணக்கை மூடி அடுத்த மாதக் கடைசியில் பணம் தருவது. 2ஆம் தேதி ஒப்படைத்த வேலைக்குப் பணம் வர ஏறக்குறைய 60 நாள் ஆகலாம். ஒப்படைக்கும் தேதியை மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் காத்திருப்பு பாதியாகும். மேற்கத்தியக் குழுக்களிடம் கட்டம் கட்டமாகக் கேளுங்கள்: தொடக்கத்தில் 30 சதவீதம், முதல் வரைவுக்கு 30, முடிவில் 40. முன்பணம் வராமல் இசைப்பதிவு மென்பொருளைத் திறக்காதீர்கள்.

வரியில் ஒரு படிவம் பெரிய தொகையைக் காப்பாற்றும். ஜப்பானிலிருந்து வரும் உரிமத் தொகையில் வழக்கமாக 20.42 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியா–ஜப்பான் வரி ஒப்பந்தப்படி அது 10 சதவீதம்தான். ஆனால் பணம் தருவதற்கு முன்பே, ஒப்பந்தச் சலுகை கோரும் படிவத்தை அந்த நிறுவனம் வழியாக அங்குள்ள வரி அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து வரி வதிவிடச் சான்றிதழையும் கேட்கக்கூடும். அது கிடைக்க நாளாகும், எனவே பேச்சு தொடங்கியதுமே விண்ணப்பியுங்கள். அமெரிக்கக் குழு, நீங்கள் வெளிநாட்டவர் என்று காட்டும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கேட்கும். ஒரு முறை கொடுத்தால் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் இறுதிவரை செல்லும். வேலை இந்தியாவில் நடந்தது என்பதை விலைப்பட்டியலில் எழுதுங்கள். ஜிஎஸ்டி, வெளிநாட்டில் பிடித்த வரியை இங்கே கழிப்பது, இவற்றுக்கெல்லாம் ஓர் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண்போகாது.

10. ஒப்படைக்கும் கோப்புறை

ஜப்பானிய வழி வேலைக்கு: ஒவ்வொரு லூப்பின் டபிள்யூஏவியும் ஓஜிஜியும், லூப் எண்கள் எழுதிய ஓர் உரைக்கோப்பு, ஜிங்கிள்கள் தனிக் கோப்புறையில். மேற்கத்திய வழி வேலைக்கு: லேயர்கள் தனித்தனியாக, எல்லாம் ஒரே நீளத்தில், வேகமும் சுருதியும் கோப்புப் பெயரிலேயே, எஃப்மாட் திட்டம் முழுசாக, எந்த அளவுரு எதைச் செய்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு. கோப்புப் பெயர்களில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம், சில கேம் இயந்திரங்கள் அவற்றைப் படிக்கத் திணறும். உங்கள் மூலத் திட்டத்தையும் மெட்டின் மிடி கோப்பையும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கேம் ஓடினால் ஆல்பத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் சில ஆண்டு கழித்து அதையே கேட்டு வருவார்கள்.